கேட்டதெல்லாம் மருந்தாகுமா?



காலையில் கடையைத் திறந்து, கல்லாவைச் சரிபார்த்து, ஒரு மிடறு தேநீர் குடிப்பதற்குள் நம் கைத்தொலைபேசியில் பல செய்திகள் வந்து குவிந்து விடுகின்றன. சரக்கு விலை பற்றி ஒன்று இருக்கும். ஊரில் மௌத்தானவர் பற்றி ஒன்று இருக்கும். மற்றவை பெரும்பாலும் வைத்தியம்! இன்ன விதையை இடித்துக் குடித்தால் சர்க்கரை வியாதி ஓடிவிடும் என்கிறது ஒன்று. இன்ன ஊசியைப் பிள்ளைக்குப் போட்டால் பின்னால் சந்ததி இராது என்கிறது மற்றொன்று. டாக்டர்கள் மறைக்கும் இரகசியம் இது, உடனே பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறது வேறொன்று.

இவற்றை அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் நம் உறவினர், நம் வாடிக்கைக்காரர், நம்மோடு ஒரே ஸப்பில் நின்று தொழுகிறவர்கள். பிறருக்கு நன்மை செய்யும் நிய்யத்துடன்தான் அனுப்புகிறார்கள். ஆயினும் நல்ல நிய்யத் ஒன்றே ஒரு செய்தியை உண்மையாக்கி விடுமா? இந்தப் பாடத்தில் நாம் ஆராய விரும்புவது இதுவே. நாம் ஆலிமும் அல்லோம், டாக்டரும் அல்லோம். எனினும் மதரஸாவில் ஓதியதும், தராசு பிடித்துப் பழகியதும் சேர்ந்து இவ்விஷயத்தில் நமக்கு நல்ல வழி காட்டுகின்றன.

மார்க்கம் இட்ட கட்டளை

திருமறையின் 49ஆவது அத்தியாயம் 6ஆவது வசனத்தின் கருத்தைக் கவனியுங்கள். நம்பகமற்ற ஒருவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும். விசாரியாமல் நடந்து, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தக் கூடாது என்பது அதன் போதனை. 17ஆவது அத்தியாயம் 36ஆவது வசனமோ, நமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவி, பார்வை, இதயம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்றும் எச்சரிக்கிறது.

இன்னும் நுட்பமான ஒரு வசனம் 24ஆவது அத்தியாயத்தில் 15ஆவதாக உள்ளது. நாவால் வாங்கி வாயால் பரப்பி, அதை ஓர் இலேசான காரியமாக எண்ணியவர்களை அது கண்டிக்கிறது. இறைவனிடத்திலோ அது மிகப் பெரிய காரியம். இன்று நாவும் வாயும் செய்த வேலையை ஒரு விரல் செய்துவிடுகிறது. விரலால் தொட்டு அனுப்புவது எவ்வளவு இலேசோ, அதன் கணக்கு அவ்வளவு இலேசானதன்று.

கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்லித் திரிவதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை இமாம் முஸ்லிம் அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். பொய்யைத் தானே புனைய வேண்டியதில்லை. விசாரியாமல் கடத்திவிட்டாலே போதும் என்பதை நாம் நெஞ்சில் பதிக்க வேண்டும்.

முன்னோர் வகுத்த அளவுகோல்

ஒரு செய்தியை விசாரிப்பது எப்படி? இதற்கு நம் முன்னோர்கள் உலகம் வியக்கும் ஒரு கலையையே அமைத்துத் தந்தார்கள். அதுதான் ஸனது, அதாவது அறிவிப்பாளர் வரிசை. நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னால், ஹதீஸ் கலை இமாம்கள் அதை உடனே ஏற்கவில்லை. யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு குணங்களைப் பார்த்தார்கள். ஒன்று நேர்மை, மற்றொன்று பிசகாத நினைவாற்றல். பொய்யர் சொன்னதைத் தள்ளினார்கள். அதோடு நிற்கவில்லை, நல்லவராயிருந்தும் மறதியுள்ளவரின் அறிவிப்பையும் ஒதுக்கி வைத்தார்கள். ஆள் நல்லவர் என்பதால் மட்டும் செய்தி சரியாகிவிடாது என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு இது புதிதன்று. அறிமுகமில்லாத ஒருவர் மூட்டை ஏலக்காயைக் கொண்டுவந்து பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் நாம் வாங்கிவிடுவோமா? எங்கிருந்து வந்தது, எந்த மொத்த வியாபாரி கொடுத்தது, பில் எங்கே என்று கேட்போம். மூட்டையின் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தும் பார்ப்போம். ஐம்பது வெள்ளிச் சரக்குக்கு இத்தனை விசாரணை செய்யும் நாம், உயிரைத் தொடும் ஒரு வைத்தியச் செய்திக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பிவிடுவது எந்த ஊர் நியாயம்?

இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்களே, பொய்யாயிருக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கும் ஹதீஸ் கலையிலேயே விடை உண்டு. முதவாத்திர் என்பது ஒவ்வொரு தலைமுறையிலும் பலர் தனித்தனியாக அறிவித்தது. ஒரே ஒருவர் எழுதியதை ஆயிரம் பேர் அப்படியே கடத்தினால் அது ஆயிரம் சாட்சியாகாது, ஒரு சாட்சிதான். அந்த ஒருவரும் முகவரி அறியாதவரானால் அந்தச் சாட்சியும் இல்லை. வாட்ஸ்அப்பில் சில செய்திகளின் மேல் இரட்டை அம்புக்குறி காணப்படும். அச்செய்தி ஐந்தோ அதற்கு மேலோ கைகள் மாறி வந்துள்ளது என்பதே அதன் பொருள். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரலில் அந்த நிறுவனமே கட்டுப்பாடு போட்டது. ஆகவே அந்தக் குறியைக் கண்டால் நம்பிக்கை கூடக் கூடாது. ஜாக்கிரதை கூட வேண்டும்.

கத்தரிக்காயும் ஹரீஸாவும்

பொய் வைத்தியம் தொலைபேசியோடு பிறந்ததன்று. நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரிலேயே வைத்தியக் கதைகளைக் கட்டிவிட்டவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். கத்தரிக்காயை எந்த நோக்கத்துக்காக உண்டாலும் அது நிறைவேறும் என்று ஒரு பொய் ஹதீஸ் உலவியது. ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் அவர்கள், இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களை இனங்காணும் வழிகளை விளக்கித் தாம் எழுதிய நூலில் இதை எடுத்துக்காட்டாக வைத்தார்கள். அனுபவத்துக்கும் அறிவுக்கும் வெளிப்படையாக முரண்படுவது நாயகத்தின் வாக்காயிருக்க முடியாது என்பது அவர்கள் காட்டிய அடையாளங்களுள் ஒன்று.

நம் தொழிலுக்கு நெருங்கிய மற்றொரு செய்தியும் உண்டு. கோதுமையையும் இறைச்சியையும் குழைய வேகவைத்துச் செய்யும் ஹரீஸா என்ற உணவை நாமறிவோம். ஜிப்ரீல் (அலை) அவர்கள் நாயகத்துக்கு ஹரீஸாவை உண்ணச் சொன்னதாகவும், அது முதுகுக்கு வலிமை தருமென்றும் ஒரு ஹதீஸ் சொல்லப்பட்டது. ஹதீஸ் கலை இமாம்கள் வரிசையைத் துருவிப் பார்த்தபோது அது முஹம்மது இப்னு ஹஜ்ஜாஜ் அல்லக்மி என்பவரிடம் போய் நின்றது. அவர் யார்? ஹரீஸா விற்பவர்! தம் சரக்கு விலைபோவதற்காக நபியின் பெயரை விற்றவர் என்று இமாம்கள் அவரைப் பொய்யர் பட்டியலில் சேர்த்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பழி அவர் பெயரை விட்டு நீங்கவில்லை. வியாபாரிகளே, இதைவிட நமக்கு வேறென்ன பாடம் வேண்டும்!

இங்கே கருஞ்சீரகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஆதாரமுள்ள ஹதீஸ். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கருஞ்சீரகம் உண்பவர் மற்ற மருந்தையெல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்று அந்த ஹதீஸில் எங்கே இருக்கிறது? சொல் பொதுவாக வந்தாலும் குறிப்பிட்ட நோய்களையே அது கருதுகிறது என்று இமாம் கத்தாபி போன்ற விளக்கவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டவர்களும் நாயகம் (ஸல்) அவர்களே. ஆதாரமுள்ள ஹதீஸோடு ஆதாரமற்ற நம் முடிவை ஒட்டவைத்து அனுப்புவது, நல்ல சரக்கின் மேல் பொய்ச் சீட்டு ஒட்டுவதற்கு ஒப்பாகும்.

புரளியால் விளைந்த கேடுகள்

ஒரு செய்திதானே, அதனால் என்ன வந்துவிடும் என்று எண்ணுவோர்க்குச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

2020ஆம் ஆண்டு கோவிட் நோய் பரவத் தொடங்கியபோது, மதுவைக் குடித்தால் அந்நோய் அண்டாது என்ற புரளி ஈரான் நாட்டில் கிளம்பியது. மது தடைசெய்யப்பட்ட நாடாகையால் கள்ளத்தனமாகக் காய்ச்சியதையே பலர் தேடிப் போனார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் நஞ்சு. சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பலர் கண்பார்வையை இழந்தனர். ஹராமான பொருளை மருந்தென்று நம்பி, உடலையும் இழந்து போனவர்கள் அவர்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நைஜீரியாவின் வடபகுதியில் கானோ என்னும் மாநிலம் உள்ளது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழுமிடம். 2003ஆம் ஆண்டு அங்கே, போலியோச் சொட்டு மருந்து முஸ்லிம் பிள்ளைகளை மலடாக்கும் சூழ்ச்சி என்ற பேச்சு எழுந்து, மருந்து கொடுப்பதே நிறுத்தப்பட்டது. 2004இல் மீண்டும் தொடங்கினார்கள். முஸ்லிம் நாடாகிய இந்தோனேசியாவில் செய்த மருந்து என்பதால் அங்குள்ளோர் மனம் சமாதானமடைந்தது. ஆனால் அதற்குள் நோய் எல்லை தாண்டிவிட்டது. நைஜீரியாவிலிருந்து கிளம்பிய அதே கிருமி நாடு நாடாகத் தாவி 2005இல் இந்தோனேசியாவை அடைந்தது. பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த நம் அண்டை நாட்டில் ஏறத்தாழ 300 பிள்ளைகள் கைகால் முடங்கினார்கள். எங்கோ ஒருவர் வாயிலிருந்து புறப்பட்ட சொல், மருந்து செய்து கொடுத்த நாட்டின் பிள்ளைகளையே வந்து தாக்கியதைப் பாருங்கள்! பிற்பாடு மார்க்க அறிஞர்களும் ஊர்ப் பெரியவர்களும் வீடு வீடாக எடுத்துரைத்துப் பாடுபட்டதால் 2020இல் ஆப்பிரிக்க வட்டாரத்தில் காட்டுப் போலியோக் கிருமி ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

தாயகத்திலும் இப்படி நடந்ததுண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஊசி போட ஏற்பாடு. ஊசியால் தீங்கு நேருமென்று வாட்ஸ்அப்பில் புரளிகள் கிளம்பவே, பெற்றோர் பலர் பின்வாங்கினர். இயக்கத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்தப் புரளிகளில் பல கடல் கடந்து இங்குள்ள நம் தொலைபேசிகளுக்கும் வந்தன. ஊரில் இருக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் இங்கிருந்தே, ஊசி வேண்டாம் என்று சொன்னோரும் உண்டு. பணம் அனுப்புவதுபோல் பயத்தையும் நாம் ஊருக்கு அனுப்பக் கூடாது.

நம் கடையும் நம் பொறுப்பும்

மற்றவர்களுக்கு இது பேச்சோடு போய்விடும். வியாபாரிக்கு அப்படியில்லை. தொலைபேசியில் ஒரு செய்தி பரவினால் மறுநாளே வாடிக்கைக்காரர் வந்து அந்தப் பொருளைக் கேட்கிறார். நாம் தேடிப் பிடித்து அலமாரியில் வைக்கிறோம். விலையும் ஏறுகிறது. இவ்வாறு புரளியின் கடைசிக் கண்ணியாக நம் கல்லா ஆகிவிடுகிறது.

2008ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்கப்பட்ட சில மாத்திரைகளிலும் மூலிகை மருந்துகளிலும் கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை வியாதி மருந்து கலந்திருந்தது. சர்க்கரை வியாதியே இல்லாதவர்கள் அதை உண்டபோது இரத்தத்தில் சர்க்கரை அடியோடு விழுந்து மயங்கினார்கள். ஏறத்தாழ ஐந்து மாதங்களில் 150 பேர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர். 7 பேருக்கு மயக்கம் தெளியவில்லை. 4 பேர் இறந்தனர். அவற்றை விற்றவர்கள் நஞ்சு விற்கிறோமென்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று அறியாமல் விற்றார்கள்.

மூட்டுவலிக்கென்று விற்கப்படும் சில பொடிகளிலும் ஜாமுகளிலும் ஸ்டீராய்டு மருந்து இரகசியமாகக் கலக்கப்படுவதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சும் சிங்கப்பூர் அதிகாரிகளும் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அந்தப் பொடியை உண்டவருக்கு இரண்டொரு நாளில் வலி பறந்துவிடும். அவர் மகிழ்ந்து பத்துப் பேருக்குச் சொல்வார். சில மாதம் போனால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பயந்துபோய் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. ஏனெனில் உடல் தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். அப்படிப்பட்டதை நெடுநாள் உண்டவர் யாராவது நம்மிடம் வந்தால், பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொல்வதே நாம் செய்யத்தக்க உபகாரம்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்த வரலாற்றை நாமெல்லோரும் ஓதியிருக்கிறோம். மேலே மூலிகை, அடியில் மறைந்த மருந்து என்றால் அதுவும் ஈரத் தானியம் தானே! வைத்தியம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால், நேரும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூதிலும் வேறு நூல்களிலும் உள்ளது. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, மாத்திரையை நிறுத்துங்கள், இதைச் சாப்பிடுங்கள் என்று சொல்பவர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. சர்க்கரை வியாதி, புற்றுநோய், இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா முதலியவற்றை ஒரு பொருள் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. அச்சிட்ட தாள் மட்டுமன்று, வாயால் அறிவிப்பதும் விளம்பரமே. பாரம்பரிய மருந்தாக விற்கப்படும் பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும், ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். எண்ணின் இறுதியில் வரும் டி என்ற எழுத்து பாரம்பரிய மருந்தைக் குறிக்கும். அந்த எண் மெய்யானதா என்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பதிவேட்டில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். எண் இல்லாத மருந்தை, எவ்வளவு இலாபம் தந்தாலும், அலமாரியில் வைக்காதிருப்பதே பரக்கத்.

தேன், கருஞ்சீரகம், வெந்தயம், சுக்கு, அத்திப்பழம் ஆகியவற்றை உணவுப் பொருளாக விற்பதில் குற்றமில்லை. நம் பாட்டனார் காலத்திலிருந்து விற்று வருகிறோம். பொருள் ஹலால், அதன் மேல் ஏற்றிச் சொல்லும் பொய்தான் ஹராம்.

பொய் மெய்போல் தோன்றுவது ஏன்?

நான் சாப்பிட்டேன், குணமானது என்று ஒருவர் சத்தியம் செய்து சொல்கிறாரே என்று கேட்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் தவறாக அறிந்திருக்கிறார். சளியும் சாதாரணக் காய்ச்சலும் எதுவும் செய்யாவிட்டாலும் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். ஐந்தாம் நாள் எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

டெங்கிக் காய்ச்சல் இதிலும் அபாயமானது. பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தானே இறங்கும். உண்மையான ஆபத்து தொடங்குவதே அப்போதுதான்! இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழுவது அந்த ஓரிரு நாட்களில்தான். பப்பாளி இலைச் சாறு குடித்தோம், சூடு தணிந்தது, குணமாயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அக்கணமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டெங்கி என்ற ஐயம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைத் தொடவும் கூடாது. இரத்தக் கசிவை அவை அதிகமாக்கும்.

சர்க்கரை வியாதியின் கதை வேறு. அது வலிக்காது. மாத்திரையை நிறுத்தியவருக்கு ஒரு மாதம் எதுவும் தெரியாது. பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன் என்பார். உள்ளே கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கும். 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இவ்வியாதி உள்ளது. அப்படியானால் நம் கடைக்கு வரும் ஆறு பேரில் ஒருவருக்கு, நாம் சொல்லும் ஒரு வார்த்தை காலைக் காப்பாற்றவோ போக்கவோ கூடும்.

ஒரு வாடிக்கைக்காரர் வந்து, "நானா, இந்தப் பொடியைச் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாமாமே?" என்று கேட்டால் என்ன சொல்வது? "மாமா, பொடி உணவு, மாத்திரை மருந்து. பொடியை வாங்கிக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். இன்சுலினில் இருந்தால் பொடியைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிடுங்கள்" என்று சொன்னால் போதும். வியாபாரமும் கெடாது, அமானிதமும் கெடாது.

அனுப்புமுன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

இதைக் கத்தரித்துக் கல்லாவின் பக்கத்தில் ஒட்டிவைத்துக் கொள்ளலாம்.

1. சொன்னவர் யார்? பெயரும் ஊரும் பணியும் உண்டா? ஒரு பெரிய டாக்டர், ஒரு விஞ்ஞானி என்று மட்டும் இருந்தால் அது ஸனது இல்லாத செய்தி.

2. சொன்னவருக்கு அவ்விஷயத்தில் தேர்ச்சி உண்டா? நல்ல பேச்சாளர் வேறு, நல்ல வைத்தியர் வேறு.

3. இதனால் இலாபம் அடைபவர் யார்? செய்தியின் கடைசியில் விற்பனை எண் இருந்தால் ஹரீஸா வியாபாரியை நினைத்துக் கொள்ளுங்கள்.

4. எந்த ஆண்டுச் செய்தி? பழைய படத்துக்குப் புதிய கதை கட்டுவது வழக்கமாகிவிட்டது.

5. ஒரே மருந்து எல்லா நோயையும் தீர்க்கும் என்கிறதா? டாக்டரிடம் போகாதே என்கிறதா? உடனே அனுப்பு என்று விரட்டுகிறதா? இம்மூன்றில் ஒன்றிருந்தாலும் ஒதுக்கிவிடுக.

6. விசாரித்தாயிற்றா? சுகாதார அமைச்சின் அறிவிப்பைப் பாருங்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில் புரளிகளுக்கு மறுப்பு வெளியாகிறது. நஞ்சு பற்றிய ஐயத்துக்குப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் உள்ளது. அருகிலுள்ள மருந்தாளரைக் கேட்டாலும் விளக்குவார்.

அச்சமூட்டும் செய்தி வந்ததும் அதைப் பரப்பாமல் அறிந்தவர்களிடம் கொண்டுபோனால் அவர்கள் உண்மையைப் பிரித்தறிவார்கள் என்பது 4ஆவது அத்தியாயம் 83ஆவது வசனத்தின் கருத்து. உடல் பற்றிய கேள்விக்கு அறிந்தவர் டாக்டர். ஹலால் ஹராம் பற்றிய கேள்விக்கு அறிந்தவர் ஆலிம். தடுப்பூசி கூடுமா என்ற ஐயம் வந்தபோது நம் நாட்டு மார்க்க அறிஞர்கள் மருத்துவர்களிடம் விளக்கம் கேட்டு ஆராய்ந்தார்கள். கோவிட் தடுப்பூசி ஆகுமானதே என்றும், அரசாங்கம் குறிப்பிடுவோருக்கு அது கடமையென்றும் 2020 டிசம்பரில் முடிவு கூறினார்கள். அதுதான் வழி.

பெரியவர்களிடம் சொல்லும் முறை

வாப்பாவோ மாமாவோ பொய்ச் செய்தி ஒன்றை அனுப்பிவிட்டால், குழுவில் எல்லார் முன்னிலும் அதை உடைத்துப் பேசுவது அதபு அன்று. அவர்கள் மனம் புண்பட்டால் பிடிவாதம்தான் மிஞ்சும். தனியே அழைத்து, "மாமா, நீங்கள் எங்கள் நன்மைக்காக அனுப்பினீர்கள். விசாரித்தேன், சுகாதார அமைச்சு இப்படிச் சொல்கிறது" என்று தாழ்மையுடன் சொன்னால் அவர்களே நீக்கிவிடுவார்கள். நீக்கியவரைக் கேலி செய்யலாகாது; அவரைப் பாராட்ட வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகிகளும் சங்கக் குழுக்களை நடத்துவோரும், வைத்தியச் செய்தி எதுவாயினும் ஒரு டாக்டரோ மருந்தாளரோ பார்த்த பிறகே வெளியிடப்படும் என்று ஒரு விதி செய்தால் மிகுந்த பிரயோஜனம் உண்டாகும். நம் சமூகத்தில் டாக்டர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் இன்று பஞ்சமில்லை. கேட்டால் மனமுவந்து உதவுவார்கள்.

சகோதரர்களே! எடையில் குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று திருமறை ஓர் அத்தியாயத்தையே தொடங்குகிறது. அந்த அச்சத்தால் நாம் தராசை நாள்தோறும் துடைத்து வைக்கிறோம். சொல்லுக்கும் ஒரு தராசு உண்டு. அரிசியில் ஒரு பிடி குறைந்தால் வாங்கியவருக்கு நட்டம் சில காசு. மருந்தைப் பற்றிய சொல்லில் உண்மை குறைந்தாலோ, ஒரு வீட்டில் தாய் போகலாம், ஒரு பிள்ளை முடமாகலாம். ஆகவே விசாரியாததை விற்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம்.

வல்ல நாயன் நம் நாவையும் விரலையும் தராசையும் நேராக்கி வைப்பானாக! நோயுற்றோர்க்கு நல்ல சிகிச்சையையும் பூரண சுகத்தையும் அருள்வானாக! ஆமீன்.